சமூகத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி போதாது

எமது நாட்டில் எங்கேனும் இனங்களிடையே பதற்றம் தோன்றும்போது அதற்கு ஒரே வரியில் காரணம் கூறிவிடும் வழக்கம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. ஒருவர் அரசியல்வாதிகளைச் சாடுவார். மற்றொருவர் காணிப் பிரச்சினை என்பார். இன்னொருவர் மதவெறி என்பார். இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அரைகுறை விளக்கம் அரைகுறைத் தீர்வுக்கே வழிவகுக்கும். சமூகவியலின் பிரதான கோட்பாடுகளைச் சாதாரண வாசகரும் அறிந்திருக்க வேண்டும் என நாம் கருதுவது இதனாலேயே.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியுள்ள பாலையூற்றையும் அதன் சுற்றுப்புறத்தையும் உதாரணமாகக் கொள்வோம். தமிழரும் பறங்கியரும் அயலவராக வாழும் இடம் அது. சற்று அப்பால் முஸ்லிம், சிங்கள மக்களின் குடியிருப்புகள் உள்ளன. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் மூவினத்தவரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராகக் காணப்பட்டனர். 2012 இலும் எந்த இனமும் அரைவாசியை எட்டவில்லை. இத்தகைய சமூகம் எவ்வாறு ஒன்றாக இயங்குகின்றது?

இவ்வினாவுக்குத் தொழிற்பாட்டுவாதம் ஒரு விடை தருகின்றது. பிரெஞ்சு அறிஞரான எமில் டுர்க்கைம் 1893 இல் வெளியிட்ட நூலில் இருவகை ஒருமைப்பாட்டை வேறுபடுத்திக் காட்டினார். ஒரே நம்பிக்கையும் வழக்கமும் கொண்டோரைப் பிணைப்பது பொறிமுறை ஒருமைப்பாடு. வெவ்வேறு தொழில் புரிவோர் ஒருவரிலொருவர் தங்கியிருப்பதால் உருவாவது உயிரி ஒருமைப்பாடு. மீனவர், வியாபாரி, துறைமுகத் தொழிலாளி, விவசாயி ஆகியோர் ஒருவரின்றி ஒருவர் வாழ இயலாத திருகோணமலைக்கு இரண்டாவது வகை நன்கு பொருந்தும்.

ஆனால் இணக்கத்தை மட்டும் காண்பது போதாது. வளங்கள் எவர் கையில் உள்ளன என்று வினவுவது முரண்பாட்டுக் கோட்பாடு. இதன் மூலவர் கார்ல் மார்க்ஸ். கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்கள் இம்மாவட்டத்தில் காணியையும் நீரையும் அரசியல் விவகாரமாக்கின. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது இன வேறுபாடின்றி மக்கள் ஒருவருக்கொருவர் உதவினர். எனினும் நிவாரணத்தைப் பகிர்வதற்காக 2005 ஜூனில் கைச்சாத்தான பொதுக்கட்டமைப்பு, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கியது. உதவிய கைகளை டுர்க்கைமைக் கொண்டு விளக்கலாம். முடங்கிய கட்டமைப்பை விளக்க மார்க்ஸிடமும் செல்ல வேண்டியுள்ளது.

ஜேர்மனிய அறிஞர் மக்ஸ் வெபர் இதனை மேலும் விரித்தார். வர்க்கம், அந்தஸ்து, கட்சி என அதிகாரத்துக்கு மூன்று ஊற்றுகள் உண்டு என்றார் அவர். ஒரே வேதனம் பெறும் இருவரைச் சாதியும் மதமும் மொழியும் பிரித்து வைப்பதை நாம் அன்றாடம் காண்கின்றோம். வருமானத்தை மாத்திரம் அளந்தால் இப்பிரிவினை தென்படாது.

நான்காவது பார்வை குறியீட்டு இடைவினைவாதம். ஜோர்ஜ் ஹேர்பேட் மீட்டின் சிந்தனையிலிருந்து வளர்ந்த இதற்கு 1937 இல் பெயர் சூட்டியவர் ஹேர்பேட் புளூமர். பொருள்களின் அர்த்தம் அவற்றிலேயே பொதிந்திருப்பதில்லை, மனிதர் தமக்கிடையிலான உறவாடலினூடாக அதனை உருவாக்குகின்றனர் என்பதே இதன் சாரம். 2005 மே மாதத்தில் திருகோணமலை பஸ் நிலையப் பகுதியில் புத்தர் சிலை நிறுவப்பட்டபோது ஹர்த்தால்களும் பதற்றமும் ஏற்பட்டன. ஒரு சாராருக்கு வழிபாட்டுச் சின்னமாக இருந்தது, மறுசாராருக்கு ஆக்கிரமிப்பின் அடையாளமாகத் தோன்றியது. இவ்விரு அர்த்தங்களையும் விளங்கிக்கொள்ளாத எந்தச் சமரச முயற்சியும் நிலைக்காது.

இலங்கையில் பிறந்த தமிழ் அறிஞரான ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா தென்னாசிய இனக் கலவரங்களை ஆராய்ந்து 1996 இல் வெளியிட்ட நூலில், கும்பல் வன்முறையின் பின்னாலுள்ள அரசியலையும் சடங்குத் தன்மையையும் ஒருசேர நோக்கினார். பல கோணங்களை இணைக்கும் அத்தகைய நோக்கே இன்று எமக்குத் தேவை.

இக்கோட்பாடுகளைப் பரீட்சைக்கான மனனப் பாடமாக ஒதுக்கிவிடலாகாது. காணி, மொழி, வழிபாட்டிடம் பற்றித் தீர்மானம் எடுக்கும் அதிகாரிகளும், அவற்றைப் பற்றி எழுதும் எம்மைப் போன்றோரும் முதலில் தம்மை நோக்கி வினவ வேண்டிய கேள்விகளாகவே அவற்றைக் கருத வேண்டும். எது எம்மைப் பிணைக்கின்றது? வளம் எவரிடம் உள்ளது? மதிப்பு எவருக்கு மறுக்கப்படுகின்றது? ஒரே சின்னத்தை அயலவர் எவ்வாறு வாசிக்கின்றார்? இந்நான்கையும் கேட்காது எடுக்கப்படும் முடிவின் விலையைச் செலுத்துவோர் பாலையூற்று போன்ற ஊர்களின் சாதாரண மக்களே.