கட்டியே வாங்கிக்கொள்ளும் கதிர்

ஈப்போக்காரர்களுக்குக் கதிரியக்கம் என்றால் புக்கிட் மேராதான் நினைவுக்கு வரும். ஈயமணல் அலசிய பின் மிஞ்சும் அமாங்கிலிருந்து எடுத்த மோனசைட்டை அங்கே ஓர் ஆலை பதப்படுத்தியது. தோரியக் கழிவு தேங்கியது. மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. இப்படிப்பட்ட ஊரில், பிள்ளைக்குக் கதிரியக்க மருந்து ஏற்றப்போகிறோம் என்றால் பெற்றவர்கள் பதறத்தான் செய்வார்கள்.

அந்த மருந்து நியூரோபிளாஸ்டோமாவுக்கு; அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் புற்றுநோய். நரம்பாக வளரவேண்டிய உயிரணுக்கள் முதிராமலேயே பெருகிக் கட்டியாகின்றன. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில்தான் அதிகம். பரிவு நரம்புகள் நார்அட்ரினலினைச் சுரந்து, வேலை முடிந்ததும் ஒரு புரதத்தின் வழியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பிறவிப் பழக்கம், கட்டியான பின்னும் பெரும்பாலான உயிரணுக்களுக்குப் போவதில்லை. அங்கேதான் அவை மாட்டிக்கொள்கின்றன.

1980 வாக்கில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான எம்ஐபிஜி, நார்அட்ரினலினைப் போலவே தோற்றமளிக்கும் மூலக்கூறு. சட்டையைப் பார்த்து ஆளை உள்ளே விடும் தோட்டத்து ஜாகா மாதிரி, அந்தப் புரதம் இதையும் விட்டுவிடுகிறது. கூடவே அதில் கோத்த கதிரியக்க அயோடின்-131உம் நுழைகிறது. அதன் பீட்டா துகள்கள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் தங்கள் வேகத்தை இழப்பதால், அடி பெரும்பாலும் கட்டிக்கே விழும். எட்டு நாளில் கதிர்வீச்சு பாதியாகும்; தோரியம் பாதியாவதற்கோ சுமார் 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும்.

சில சளி மருந்துகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் அதே வாசலை அடைத்துக்கொள்ளும். ஆகவே, கடையில் வாங்கிக் கொடுத்த சிரப்பைக்கூட மருத்துவரிடம் மறைக்கக்கூடாது. தைராய்டு அயோடினை இழுத்துக்கொள்ளாமல் இருக்க, முன்கூட்டியே சாதாரண அயோடின் கொடுப்பார்கள். மருந்தின் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும் என்பதால், பிள்ளை சில நாள் காரீயத் தடுப்புள்ள அறையில் இருக்கவேண்டும். அம்மா தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உட்காரவேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஊசியைவிட அதுதான் பெரிய வேதனை.

எலும்பு மஜ்ஜையும் அடிவாங்கும். இரத்தத் தட்டுகள் குறையும். மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே கட்டி சுருங்குகிறது. பத்தில் ஒரு கட்டி இம்மருந்தை ஏற்பதே இல்லை. அதனால் முதலில் அயோடின்-123 சேர்த்த சிறிய அளவைச் செலுத்திப் படமெடுக்கிறார்கள். படத்தில் கட்டி தெரியாவிட்டால், இந்தச் சிகிச்சை அந்தப் பிள்ளைக்கு இல்லை.