பின்னங்கால் விழுந்த நாய்

நேற்றிரவு வரை கேட்டுக்கும் சமையலறைக்கும் ஓடிக்கொண்டிருந்த நாய், விடிந்ததும் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தால் வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். நல்லெண்ணெயைக் காய்ச்சி இடுப்பை நீவிவிடச் சொல்வார் ஒருவர். "இனி தேறாதுங்க, ஊசி போட்டு அனுப்பிருங்க" என்பார் இன்னொருவர். கோவைப் பக்கத்துச் சூலூர் வீதி வீடானாலும் கண்ணம்பாளையம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையானாலும் இந்தப் பேச்சு மாறாது. இரண்டுமே பாசத்தில் பிறந்தவைதான், ஆனால் இரண்டிலும் அவசரம் இருக்கிறது. நாயை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதில் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அதன் தலைவிதியைத் தீர்மானிப்பதில் மட்டும் அந்த வேகம் வேண்டாம் என்பதே என் வாதம். ஏனென்றால் நாய் மறுபடி நடக்குமா என்பதைக் கால் விழுந்த கோலம் சொல்வதில்லை. விரல்களில் ஆழ்ந்த வலியுணர்வு மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் சொல்லும்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு வெடித்து, உள்ளிருப்பது தண்டுவடத்தின் மேல் பாய்ந்து நசுக்குவதுதான் இப்படித் திடீரென விழும் நாய்களில் அடிக்கடி காணும் காரணம். நெஞ்சுப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் இது மிகுதி. ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்சன் 1950களின் தொடக்கத்திலேயே இந்தத் தட்டு நோயை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். குட்டைக் கால் இனங்களில் தட்டு இளவயதிலேயே காய்ந்து போவதற்கும் ஒரு மரபணுப் பிரதிக்கும் தொடர்பு உண்டு என்பது 2017இல் தெரியவந்தது. நீள உடம்பு டாஷ்ஹண்ட் நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வாழ்நாளில் இதற்கு ஆளாகிறது. அழகுக்காகக் குட்டையாக்கிய காலுக்கு முதுகு கொடுக்கும் விலை அது. ஆனால் எல்லாமே தட்டு நோய் அல்ல. லேபரடார் போன்ற பெரிய நாய்களில் தண்டுவடத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டும் கால் விழும். முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு அதில் வலி பெரும்பாலும் இராது, கத்தி வைக்கவும் தேவையில்லை, பயிற்சியிலேயே பல நாய்கள் தேறிவிடும். திருச்சி சாலையில் வண்டியைத் துரத்தி அடிபட்ட நாட்டு நாய்க்கு எலும்பே முறிந்திருக்கலாம். தடுப்பூசி போடாத நாய் என்றால் வெறிநோயும் பட்டியலில் உண்டு. எச்சில் வடிந்து, விழுங்கத் திணறி, குரலும் மாறியிருந்தால் யாரும் அதன் வாய்ப்பக்கம் கை கொண்டுபோகக் கூடாது. இத்தனை காரணங்களுக்கும் ஒரே எண்ணெய் மருந்தாகுமா? வெடித்த தட்டின் மேல் நீவினால் கெடுதல்தான் கூடும்.

ஆழ்ந்த வலியுணர்வு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பார்வைக்குச் சாதாரணமானது. மருத்துவர் பின்னங்கால் விரலின் எலும்பு அழுந்தும்படி கிடுக்கியால் இறுக்குவார். நாய் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதும் வீட்டார் முகம் மலர்ந்துவிடும். அது போதாது. மூளைக்குச் சேதி போகாமலே தண்டுவடம் மட்டும் காலை இழுக்கும். நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். தட்டு நோயில் இந்த உணர்வு இருக்கும்போதே அறுவை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மறுபடி நடக்கின்றன. உணர்வு போன பிறகு செய்தால் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். அறுவையும் இல்லை, உணர்வும் இல்லை என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. இன்று இருக்கும் உணர்வு நாளை போய்விடலாம் என்பதால்தான் முதல் நாளைத் தவறவிடாதீர்கள் என்கிறேன்.

"மனுசனுக்கே வைத்தியம் பார்க்க வழியில்லை, நாய்க்கு ஸ்கேனும் ஆபரேஷனுமா?" என்ற கேள்வியைத் தட்டிவிட முடியாது. விசைத்தறிக் கூலியில் ஓடும் வீட்டுக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் தள்ளாடியாவது நடக்கும் நாய்களில் பெரும்பாலானவை அறுவையே இல்லாமல் தேறுகின்றன. நடக்க முடியாவிட்டாலும் உணர்வு இருப்பவற்றில் பாதிக்கு மேல் அப்படித் தேறும். அதற்குக் குறைந்தது நான்கு வாரம் அடைத்துவைத்த ஓய்வு வேண்டும். எழுந்து திரும்பும் அளவு இடத்தைப் பலகையால் மறித்தால் போதும், விலை கொடுத்துக் கூண்டு வாங்க வேண்டியதில்லை. வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கு விரிக்கலாம். படியும் சோபாவும் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நம் வலி மாத்திரைகள் கூடவே கூடாது. நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவை கெடுக்கும். அந்த மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் குடல் புண்ணாகி உயிருக்கே ஆபத்து. உண்மையில் கடினமான வேலை சிறுநீர். தானாகப் போக முடியாத நாய்க்கு அடிவயிற்றை இருபுறமும் பிடித்து மெதுவாக அழுத்தி, நாளுக்கு மூன்று நான்கு முறை வெளியேற்ற வேண்டும். மருத்துவர் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுக்காமல் இதை யாரும் தொடங்கக் கூடாது. மில் ஷிப்டுக்கு இருவரும் போகிற வீட்டில் பணத்தைவிட இதற்கு ஆள் கிடைப்பதுதான் சிரமம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வதைக்காமல் அனுப்பிவிடுவதுதான் கருணை என்பவர்களும் இருக்கிறார்கள். சில நாய்களுக்கு அது உண்மைதான். ஆழ்ந்த உணர்வு போனவற்றில் சுமார் பத்தில் ஒன்றுக்குத் தண்டுவடமே அழுகிப்போய், செயலிழப்பு மேலேறி மூச்சை எட்டும். அது உறுதியானால் ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் கொடுமை. மருந்துக்கு அடங்காத வலிக்கும் அப்படியே. ஆனால் வலி அடங்கி, சோறு தின்று, ஆளைக் கண்டு வாலாட்ட முயலும் நாய் தன் கால்களை எண்ணிக் குமைவதாக நாம் நினைப்பது நம் துக்கத்தை அதன் மேல் ஏற்றுவதுதான். நம் பயத்துக்கு அது ஏன் சாக வேண்டும்?

நடை திரும்பாவிட்டாலும் வழி உண்டு. 2020இல் கோவையில் ஒரு தந்தையும் மகளும், நடக்க முடியாத வீரா என்ற நாய்க்குத் தாங்களே சக்கர வண்டி செய்து மாட்டினார்கள். பம்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் இது பெரிய வித்தை இல்லை. இடுப்பைத் தாங்கும் ஒரு சட்டம், இரண்டு சக்கரம், உரசாத பட்டை இருந்தால் ஆயிற்று. தட்டு ஆறும் வாரங்களில் மட்டும் அதைப் பூட்டக் கூடாது. பெரிய சிகிச்சைக்கு உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே போவது என்பதை உள்ளூர் மருத்துவர் சொல்லட்டும். சூலூர்ப் பக்கத்து லேத் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இப்படிச் சக்கர வண்டி தேவைப்படும் நாய்களுக்காக, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவையுங்கள்.