உங்களுக்குத் தெரியுமா? 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'க்கும் வட்டி உண்டு!

சுழிய வட்டிக் கடன் என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 30,000 ரூபாய் போனை கிரெடிட் கார்டில் மாதம் 5,000 வீதம் ஆறு தவணையில் வாங்கினால், 15% வட்டிக் கணக்கில் அசல் சுமார் 28,730தான். மீதி 1,270 வட்டி. அந்த வட்டியளவுக்கு விலையில் தள்ளுபடி தந்து விற்பவர் சரிக்கட்டுகிறார். ஆனால் வட்டி மீதான 18% ஜி.எஸ்.டி., ஏறக்குறைய 229 ரூபாய், உங்கள் கார்டு பில்லில்தான் ஏறும். பிராசஸிங் கட்டணம் இருந்தால் அது தனி.

மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவருக்கு இது மலிவுதானே என்றால், மலிவுதான். ஒரு தவணை தவறினால் அதுவும் போச்சு. கையில் பணம் இருப்பவரோ, முழுத்தொகை கட்டினால் என்ன குறைப்பீர்கள் என்று கேட்காமலே தவணைக்குத் தலையாட்டிவிடுகிறார். அந்த 1,270 ரூபாயைப் பேரம் பேசிப் பார்த்திருக்கலாம்.