லோயர் ஆர்ம் வாங்கும் முன் ஆர்.சி.யை எடுங்கள்

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்று தட்டுகிறது. மெக்கானிக் குனிந்து பார்த்து, "லோயர் ஆர்ம் போயிருச்சு சார்" என்கிறார். அடுத்து நடப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. செல்போன் கவருக்கு மாடல் எண் பார்த்து வாங்குகிறவர், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பாகத்துக்கு, "ஸ்விஃப்ட் ஆர்ம் ஒண்ணு குடுங்க" என்கிறார். எந்த ஸ்விஃப்ட்? இந்தியாவில் 2005, 2011, 2018, 2024 என நான்கு தலைமுறை வந்தாகிவிட்டது. "எல்லாம் செட் ஆகும்" என்று கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஆகாது. ஆர்ம் ஒரு முனையில் ரப்பர் புஷ்களாலும் மறுமுனையில் பால் ஜாயின்ட்டாலும் பொருந்துகிறது. நீளம் சற்று மாறினாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். பால் ஜாயின்ட் தண்டு சரியாக உட்காராமல் சுத்தியலால் தட்டி ஏற்றப்பட்டிருந்தால் ஒருநாள் கழன்றுகொள்ளும். ஓடும் வண்டியில் சக்கரம் சாய்ந்துவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்து என்ன பயன்?

ஆர்.சி.யில் 17 இலக்க சேசிஸ் எண்ணும் தயாரிப்பு மாதமும் இருக்கின்றன. பதிவான வருடத்தைச் சொல்லாதீர்கள். முந்தைய வருடம் தயாரான வண்டியாக இருக்கலாம். கம்பெனி பார்ட்ஸ் கவுன்ட்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள். இடதுக்கும் வலதுக்கும் தனி எண். அந்த எண் கையில் இருந்தால் எந்தக் கடையிலும் வாங்கலாம். வேறு பிராண்டானாலும் அதன் கேட்டலாக்கில் உங்கள் எண்ணுக்கு நேர் எது என்று காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டு கேட்டலாக்கில் 'டிரைவர் பக்கம்' என்றிருந்தால் உஷார்: அவர்களில் பலருக்கு டிரைவர் இடதுபக்கம். பழைய ஆர்மையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் மாட்ட விடாதீர்கள்.

அட்டைப்பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி. இருக்க வேண்டும். "பில் வேணும்னா ஜி.எஸ்.டி. தனி" என்பது பழைய வித்தை. எம்.ஆர்.பி.க்குள் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் கேட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கோ காவல் நிலையத்துக்கோ அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தின் வேலை. "மனுவை வெச்சுட்டுப் போங்க" என்பார்கள். தேதியிட்ட ஒப்புகை இல்லாமல் நகராதீர்கள்.

பில்லில் பார்ட் நம்பரும் வண்டி எண்ணும் இருக்க வேண்டும். துண்டுச்சீட்டு பில் ஆகாது. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மாட்டும்போது புஷ் போல்ட்களை வண்டி தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக முறுக்க வேண்டும்; ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மென்ட் பார்த்து, அச்சிட்ட ரிப்போர்ட்டை வாங்கி பில்லோடு வையுங்கள்.

பொருந்தாததைத் தலையில் கட்டிவிட்டார்களா? முதலில் கடைக்கு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம். பிறகு 1915 உதவி எண். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1915 பேசிப் பார்க்கும், உத்தரவு போடாது. அங்கே கொடுத்த புகார் வழக்கு அல்ல. அதை நம்பி உட்கார்ந்தால் இரண்டு வருடக் கெடு ஓடிவிடும். வழக்கு போட வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இ-ஜாக்ரிதி தளத்திலும் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கழற்றிய ஆர்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்.

கால் டாக்சி ஓட்டுகிறவர்களிடம், "வியாபார வண்டி, நீங்க நுகர்வோரே இல்லை" என்று கடைக்காரர் தரப்பு மடக்கும். சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்.