சேவையே பாடமாகும்போது மாணவர்களின் படைப்பாற்றல் வளர்வது எப்படி?

மைசூரு: பள்ளி மாணவர்கள் தெருவைக் கூட்டுவது சேவை. அத்தெருவில் குப்பை சேர்வதற்கான காரணத்தைக் கண்டறிந்து, தீர்வை உருவாக்கி, அதைச் சோதித்துப் பார்ப்பது 'சேவைவழிக் கற்றல்'. பின்னதில்தான் படைப்பாற்றலுக்கு இடமுண்டு.

இந்தியாவுக்கு இச்சிந்தனை புதிதன்று. 1937-ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் மகாத்மா காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைக் கல்வியின் மையமாக்கியது. தற்போது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ), 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான உடற்கல்விப் பாடத்தில் 'சேவா' என்னும் சமூகப் பணியைச் சேர்த்துள்ளது. 6 முதல் 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 10 நாட்கள் புத்தகப் பையின்றி தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் பயிற்சி பெற தேசியக் கல்விக் கொள்கை 2020 பரிந்துரைக்கிறது.

மைசூருவில் 1963-இல் நிறுவப்பட்ட மண்டலக் கல்வி நிறுவனம், தென் மாநிலங்களுக்கான ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. இதன் வளாகத்தில் செயல்முறைப் பள்ளியும் இயங்குகிறது. சமூகத்துடன் இணைந்து பணியாற்றுவது இங்கு ஆசிரியர் பயிற்சியின் ஓர் அங்கமாகும்.

2016-ஆம் ஆண்டு தூய்மை ஆய்வில் 73 நகரங்களுள் முதலிடம் பெற்ற மைசூருவையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஒரு தெருவில் ஏன் கலக்கின்றன என்ற கேள்விக்குப் பாடநூலில் விடை இல்லை. மாணவர்கள் வீடுவீடாகச் சென்று விசாரிக்க வேண்டும்; தூய்மைப் பணியாளர்களின் அனுபவத்தைக் கேட்க வேண்டும்; குப்பையை எடைபோட்டுக் கணக்கிட வேண்டும். முதல் யோசனை பலன் தராவிட்டால் அதைத் திருத்த வேண்டும். பல விடைகளைத் தேடுவதும், தோல்விக்குப் பின் மாற்றி அமைப்பதுமே படைப்பாற்றலின் அடிப்படைகள்.

அகமதாபாத்தைச் சேர்ந்த கல்வியாளர் கிரண் பீர் சேத்தி 2009-இல் தொடங்கிய 'டிசைன் ஃபார் சேஞ்ச்' இயக்கமும் உணர்தல், கற்பனை செய்தல், செயல்படுத்தல், பகிர்தல் என்னும் நான்கு படிகளையே பின்பற்றுகிறது.

எனினும், எத்தனை மணி நேரம் பணி செய்தனர் என்பதை மட்டும் பதிவேட்டில் குறித்தால் இம்முறை வெறும் சடங்காகிவிடும். சிக்கலை ஆசிரியரே தேர்ந்தெடுத்துத் தீர்வையும் அவரே கூறினால், மாணவர்களுக்கு எஞ்சுவது உடலுழைப்பு மட்டுமே. சிக்கலைத் தேர்வு செய்யும் உரிமை, தவறு செய்ய அவகாசம், கற்றதை எழுதிப் பகிரும் வாய்ப்பு ஆகிய மூன்றும் கிடைக்கும்போதே சேவை, கல்வியாக மாறும்.