கார் கண்ணாடி ஏறவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், திண்டுக்கல் பூ மார்க்கெட், வியாழக்கிழமை கூடும் அய்யலூர் ஆட்டுச்சந்தை... எங்கே போனாலும் வேன்களுக்கு நடுவே நாலைந்து பழைய கார்கள் நிற்பதைப் பார்க்கலாம். பின்சீட்டை மடக்கிவிட்டு மல்லிகைப்பூ மூட்டை ஏற்றுவதும் அதில்தான். சாயங்காலம் வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதில்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார், இன்று சிறு விவசாயிக்கு ஆடம்பரம் இல்லை. அதுவும் ஒரு பண்ணைக் கருவி.

பத்து, பதினைந்து வயதான இந்த கார்களில் இன்ஜினுக்கு முன்பே தொல்லை கொடுப்பது பெரும்பாலும் பவர் விண்டோதான். ஸ்விட்சை அழுத்தினால் கண்ணாடி பாதியில் நின்றுவிடும். அல்லது ‘தொப்’ என்று கதவுக்குள் விழுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படி ஆனால், சீட்டும் தரையும் ஊறிப்போகும். காரை வெளியில் நிறுத்திவிட்டு நிம்மதியாக நகர முடியாது. பதறிப்போய் பட்டறைக்கு ஓடினால், ‘‘மொத்த செட்டையும் மாத்திரணும்ணே’’ என்ற பதில் வரலாம். வெங்காயம் விற்ற லாபம் ஒரு கதவுக்குள் போய்விடும்.

கொஞ்சம் பொறுங்கள். போர்வெல் மோட்டார் ஓடவில்லை என்றால், எடுத்த எடுப்பில் குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்குவோமா? முதலில் கரன்ட் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு ஃபியூஸ், ஸ்டார்ட்டர், கேபிள். இவையெல்லாம் சரி என்றால்தான் மோட்டாரில் கை வைப்போம். கார் கண்ணாடிக்கும் இதே வரிசைதான். எது பழுது என்று தெரிந்த பிறகு பார்ட்ஸ் வாங்கினால், பல நேரம் சின்னச் செலவோடு வேலை முடிந்துவிடும்.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

பவர் விண்டோவில் முக்கியமான பாகங்கள் ஐந்து. ஃபியூஸ், ஸ்விட்ச், வயர், மோட்டார், ரெகுலேட்டர். மோட்டார் 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார். ஸ்விட்சை ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு திசையில் சுற்றும். மறுபக்கம் அழுத்தினால் பிளஸ், மைனஸ் மாறி எதிர்த்திசையில் சுற்றும். அந்தச் சுற்றலை ஏற்ற இறக்கமாக மாற்றிக் கண்ணாடியைத் தூக்குவது ரெகுலேட்டர். இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, கத்தரிக்கோல்போல விரிந்து மடங்கும் இரும்புக் கைகள் கொண்டது. இன்னொன்று, கிணற்றுச் சகடைபோல உருளையில் ஓடும் கம்பி கேபிள் கொண்டது. கேபிள் ரகத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் துண்டு வெயிலில் காய்ந்து உடைவது அடிக்கடி நடக்கும். மோட்டார் நன்றாகவே இருக்கும். உடைந்தது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக்காக இருக்கும்.

சத்தம் சொல்லும் சேதி

சாவியைத் திருப்பி, ரேடியோவை நிறுத்திவிட்டு, ஸ்விட்சை அழுத்தியபடி கதவில் காதை வையுங்கள்.

* சத்தமே இல்லை: கரன்ட் வரவில்லை அல்லது மோட்டார் போய்விட்டது. ஃபியூஸில் தொடங்குங்கள்.

* மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை: ரெகுலேட்டர் கேபிள் அறுந்திருக்கும் அல்லது பிளாஸ்டிக் பிடி உடைந்திருக்கும். பெரும்பாலும் மோட்டார் வாங்கத் தேவையில்லை.

* இறங்குகிறது, ஏறவில்லை: ஸ்விட்ச் மீது சந்தேகம் வையுங்கள். கண்ணாடி இறுகியிருந்தாலும் இப்படி ஆகும்.

* இடது கதவு அதன் சொந்த ஸ்விட்சில் வேலை செய்கிறது, டிரைவர் பக்க ஸ்விட்சில் செய்யவில்லை: டிரைவர் பக்க ஸ்விட்ச்தான் பழுது.

* மெதுவாக, திணறித் திணறி ஏறுகிறது: ரப்பரில் புழுதி அடைத்திருக்கலாம். இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது வேகமாக ஏறினால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம்.

* ஸ்விட்சை அழுத்தியபடி கதவின் உள்பக்கத்தைக் கையால் தட்டினால் ஓடுகிறது: மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்திருக்கலாம் அல்லது எங்கோ லூஸ் கனெக்‌ஷன் இருக்கிறது.

* பின்கதவுகள் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன: டிரைவர் பக்கம் உள்ள விண்டோ லாக் பட்டனைக் குழந்தைகள் யாராவது அழுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். செலவு பூஜ்யம்.

குறைந்த செலவில் தொடங்குங்கள்

முதல் வேலை ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது, எந்த ஃபியூஸ் பவர் விண்டோவுக்கு என்பது காரோடு வந்த புத்தகத்திலும், பல கார்களில் பெட்டி மூடியின் உட்புறத்திலும் இருக்கும். பெரும்பாலும் 20 அல்லது 30 ஆம்பியர் இருக்கும். போயிருந்தால் அதே ஆம்பியரில் புதிதாகப் போடுங்கள். வீட்டு ஃபியூஸ் கேரியரில் கம்பி இழை சுற்றுவதைப்போல இங்கே செய்யவே கூடாது. வயர் உருகித் தீப்பிடிக்கும். புது ஃபியூஸும் உடனே போனால், எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, வயர். கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் வயர்கள் போகும். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி அந்த இடத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்துவிடும். ஸ்விட்சை அழுத்தியபடி அந்த ரப்பரை லேசாக அசைத்துப் பாருங்கள். கண்ணாடி அசைந்தால் பழுது அங்கேதான். வைக்கோல் போர், தீவன மூட்டைக்குப் பக்கத்தில் கார் நிறுத்துபவர்கள் எலி கடித்த வயரையும் தேட வேண்டும். இதற்குப் பார்ட்ஸ் வேண்டாம். நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஈயம் வைத்து ஒட்டித் தந்தால் போதும்.

மூன்றாவது, ஸ்விட்ச். ஒரே மாதிரி ஸ்விட்ச் வேறு கதவில் இருந்தால் மாற்றி மாட்டிப் பாருங்கள். ஸ்விட்சுக்குள் செம்புத் தகடுகளில் கரி படிந்திருந்தால், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்தாலே பல ஸ்விட்சுகள் உயிர் பெற்றுவிடும்.

நான்காவது, புழுதி. நம் செம்மண் புழுதி, கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் படிந்து உப்புத்தாள்போல ஆகிவிடும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். இன்ஜின் ஆயில், கிரீஸ் வேண்டாம். அவை ரப்பரை ஊதச் செய்யும். புழுதியை இன்னும் சேர்க்கும். இறுகிய கண்ணாடியை ஸ்விட்ச் அழுத்தி அழுத்தி ஏற்றினால்தான் மோட்டாரும் ரெகுலேட்டரும் சீக்கிரம் தேய்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் பாதிப் பழுது வராது.

கதவைப் பிரிக்கும்போது கவனம்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டோர் பேட் எனப்படும் உள்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால், பக்கத்தில் நின்று நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட வேண்டும். இரண்டாவது, கண்ணாடியை மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தோடு அகலமான டேப் போட்டு ஒட்ட வேண்டும். பிடி இல்லாத கண்ணாடி விழுந்தால் விரல் போய்விடும். மூன்றாவது, கத்தரிக்கோல் ரக ரெகுலேட்டரில் பலமான ஸ்பிரிங் இருக்கும். கைகளைக் கட்டாமல் மோட்டாரைக் கழற்றினால் ஸ்பிரிங் விடுபட்டு அடிக்கும். நான்காவது, மூடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப ஒட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் மழைநீர் காருக்குள் இறங்கும். கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளையும் அப்போதே குச்சியால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள்.

மோட்டாருக்கு இரண்டு வயர் மட்டும் இருந்தால், அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் வைத்த வயர் மூலம் பேட்டரியிலிருந்து ஒரு நொடி மட்டும் கரன்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் மோட்டார் நல்ல மோட்டார். இரண்டு வயருக்கு மேல் இருந்தால் உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் இருக்கும். இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

பார்ட்ஸ் வாங்கும்போது...

கடையில் ‘செட் என்ன விலை?’ என்று மட்டும் கேட்காதீர்கள். மோட்டார் தனியாக, ரெகுலேட்டர் தனியாக, இரண்டும் சேர்ந்து... என மூன்று விலை கேளுங்கள். பல மாடல்களில் மோட்டாரை ரெகுலேட்டரோடு திருகாணி போட்டுத்தான் பிடித்திருப்பார்கள். அதனால் நல்ல மோட்டாரைப் புது ரெகுலேட்டரில் மாட்டிக்கொள்ளலாம். சில மாடல்களுக்குக் கேபிளும் பிளாஸ்டிக் பிடியும் மட்டும் ரிப்பேர் கிட்டாகக் கிடைக்கின்றன.

பழைய பார்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வலதா இடதா, முன்கதவா பின்கதவா, கார் எந்த ஆண்டு மாடல், கனெக்டரில் எத்தனை பின் என்பதை ஒத்துப் பாருங்கள். கம்பெனி பார்ட்டுக்கும் வெளிக் கம்பெனி பார்ட்டுக்கும் விலை வித்தியாசம் அதிகம். ஸ்விட்ச், ரெகுலேட்டர் போன்றவற்றில் பெயர் தெரிந்த வெளிக் கம்பெனி பார்ட்டை வாரன்ட்டியோடு வாங்கலாம். பெயரே இல்லாத பெட்டியில் வருவதைத் தவிருங்கள்.

1998-ல் அறிமுகமான சான்ட்ரோ, இண்டிகா போன்ற கார்களுக்குப் பழைய பார்ட்ஸ் கடைகளும் கைகொடுக்கும். சென்னையில் புதுப்பேட்டை இதற்குப் பேர்போன இடம். பழைய பார்ட் வாங்கினால், கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எங்கே வாங்கினாலும் பில் முக்கியம். கடைக்காரர் வாரன்ட்டியை மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். பில் இல்லாமல் பேச முடியாது. மாற்றிய பழைய பார்ட்டைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். உண்மையிலேயே மாற்றினார்களா என்பதும் தெரிந்துவிடும்.

வாசகர்கள் கேட்டவை

‘‘மழை வரும்போல இருக்கிறது. கண்ணாடி கீழே விழுந்து கிடக்கிறது. உடனடியாக என்ன செய்வது?’’

கண்ணாடி விளிம்பு கைக்கு எட்டினால், ஒருவர் ஸ்விட்சை ஏற்றும் பக்கம் அழுத்த, இன்னொருவர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அணைத்து மேலே தூக்குங்கள். விரலைச் சட்டத்துக்கு இடையில் வைக்காதீர்கள். ஏறியதும் டேப் ஒட்டிவிட்டு, யாரும் அந்த ஸ்விட்சைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டவில்லை என்றால் கெட்டியான பாலித்தீன் தாளை வெளிப்புறமாக ஒட்டி மூடுங்கள். ஸ்குரு டிரைவர் விட்டு நெம்பாதீர்கள், கண்ணாடி நொறுங்கிவிடும்.

‘‘என் மாருதி 800-ல் கைப்பிடி சுற்றும் கண்ணாடிதான். பவர் விண்டோ கிட் போடலாமா?’’

2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன கார் அது. கைப்பிடி நன்றாக வேலை செய்தால் அப்படியே விட்டுவிடுவது நல்லது. போட்டே ஆகவேண்டும் என்றால், தனி ஃபியூஸ் வைத்து வயர் இழுக்கச் சொல்லுங்கள். மலிவான கிட்டுகள் பலவற்றில் கை சிக்கினால் தானாக நிற்கும் வசதி இருக்காது. அழுத்தினால் மூடும் ஸ்விட்சில் குழந்தையின் முழங்கால் பட்டுக் கண்ணாடி ஏறிய விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால்தான், இழுத்தால் மட்டுமே மூடும் ஸ்விட்ச் வேண்டும் என அமெரிக்காவில் 2005-ம் ஆண்டு சட்டமே வந்தது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இறங்கும்போது சாவியைக் கையில் எடுத்துவிடுங்கள்.

‘‘ரயில்வே சுரங்கப்பாதை வழியாகத்தான் தோட்டத்துக்குப் போகிறோம். மழைநீரில் கார் சிக்கினால் பவர் விண்டோ திறக்குமா?’’

தண்ணீர் தேங்கியிருந்தால் இறங்காமல் திரும்பிவிடுவதுதான் சரி. தவறிச் சிக்கிக்கொண்டால், மின் இணைப்பில் தண்ணீர் புகுவதற்கு முன்பே, முதல் வேலையாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு அதன் வழியாக வெளியேறுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் கதவைத் தள்ளித் திறப்பது கடினம். ஏற்கெனவே திணறும் கண்ணாடி அந்த நேரத்தில் கைவிட்டுவிடும். புழுதி துடைப்பதையும் வயர் பார்ப்பதையும் மழைக்காலத்துக்கு முன்பே, புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள்.