பொய்மீனின் நடை

புனே நகருக்கு வடமேற்கே, பவனா நதி முளா நதியோடு கலக்கும் இடத்தை ஒட்டியிருக்கும் சாங்வியில், தண்ணீரைக் காட்டிலும் ஆகாயத்தாமரையே அதிகமாகக் கண்ணில் படும் மாதங்கள் இன்று உண்டு. ஆயினும் அதே நீர் சற்றுக் கீழே முட்டா நதியையும் சேர்த்துக்கொண்டு, முளா-முட்டா என்ற பெயருடன் கிழக்கு நோக்கிச் செல்லும் பகுதியிலிருந்துதான் தக்காணத்து மஹ்சீர் மீன் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று. பம்பாய் அரசாங்கத்தின் பணியில் இருந்த கர்னல் சைக்ஸ் 1839-ஆம் ஆண்டில் அதற்கு இட்ட ‘குத்ரீ’ என்னும் பெயர் இன்றும் அதன் விஞ்ஞானப் பெயரில் நிலைத்திருக்கிறது. அந்த மஹ்சீரையும், நம் குளங்களில் வாழும் விராலையும், மண்புழுவோ மாவுருண்டையோ இல்லாமல், கையால் செதுக்கிய ஒரு மரத்துண்டைக் கொண்டே தூண்டிலுக்கு இழுத்துவரும் வித்தை ஒன்று உண்டு. அந்த மரத்துண்டு தண்ணீரில் மீனைப் போல் நெளிந்து செல்வது எவ்வாறு, அதை அவ்வாறு செல்லும்படி சமன் செய்வது எவ்வாறு என்பதையே இங்கே கூறப் புகுகிறேன்.

மஹ்சீரைப் பொய்யிரையால் பிடிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலிலேயே, கரண்டி வடிவத்தில் வளைத்த பளபளப்பான உலோகத் தகடுகளை ஆற்றில் இழுத்து மீன் பிடிக்கும் முறை பேசப்படுகிறது. ஆனால் மரத்தில் செதுக்கிய பொய்மீனுக்கு மெய்யான மீனின் நடையை அளித்த பெருமையில் முதன்மையான பங்கு, பின்லாந்து தேசத்து ஏழை மீனவர் லௌரி ராபலாவையே சாரும். பையான்னே ஏரியில் வலை வீசியும் தூண்டில் போட்டும் பிழைத்துவந்த அவர், பெரிய மீன்கள் சிறு மீன்களின் கூட்டத்துக்குள் பாயும்போது, ஆரோக்கியமாக நீந்துகிறவற்றையெல்லாம் விட்டுவிட்டு, காயம்பட்டு ஒருபுறமாகச் சாய்ந்து தள்ளாடும் ஒன்றையே தேர்ந்தெடுப்பதைக் கண்டார். 1936-இல் அவர் தக்கையில் ஒரு மீனைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் மெல்லிய தகட்டை அதன்மேல் போர்த்தி, புகைப்பட நெகட்டிவை உருக்கி மெருகாகப் பூசி, அதே தள்ளாட்டத்தை அதற்கு வரவழைத்தார். 1962-இல் ‘லைஃப்’ பத்திரிகையில் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தபின் உலகமெங்கும் அதற்குக் கிராக்கி உண்டாயிற்று.

ராபலாவின் கண்டுபிடிப்பிலுள்ள சூட்சுமம், அழகிய வடிவத்திலோ வர்ணத்திலோ இல்லை; அது தள்ளாட்டத்தில் இருக்கிறது. பொய்மீனின் முகத்துக்குக் கீழே, முன்னோக்கிச் சாய்ந்தபடி ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கும்; அதை உதடு என்று வைத்துக்கொள்வோம். தூண்டில் நரம்பு உதட்டுக்குச் சற்று மேலே உள்ள வளையத்தில் கட்டப்பட்டு முன்னே இழுக்க, நீரின் எதிர்ப்போ கீழே உள்ள உதட்டின்மீது அழுத்துவதால், தலை கவிழ்ந்து பொய்மீன் ஆழத்துக்குள் இறங்குகிறது. அவ்வாறு இறங்கும்போது உதட்டின் இரு விளிம்புகளிலிருந்தும் நீர்ச்சுழிகள் ஒரே சமயத்தில் கிளம்பாமல், வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என மாறிமாறிப் பிரிந்து செல்கின்றன. பாலத்தின் தூணைக் கடந்து செல்லும் வெள்ளத்திலும் இவ்வாறே சுழிகள் வரிசையாக நிகழ்வதை 1911-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தியோடர் ஃபான் கார்மான் கணித ரீதியாக ஆராய்ந்து விளக்கினார். ஒவ்வொரு சுழியும் பிரியும் கணத்தில் தலையை ஒருபுறம் தள்ளிவிட்டுப் போக, அடுத்த சுழி மறுபுறம் தள்ள, உடல் முழுவதும் வால் வரை நெளிகிறது.

சுழிகள் எத்தனை வேகமாகப் பிரியும் என்பதற்குத் தோராயமான கணக்கு உண்டு. இழுக்கும் வேகம் கூடினால் அவை விரைவாகப் பிரியும். உதடு அகலமானால் மெதுவாகப் பிரியும். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள உதட்டை விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுத்தால், விநாடிக்கு நான்கு தடவை அளவுக்கு உடல் இடமும் வலமும் ஆடும் என்று கணக்கு காட்டுகிறது. உடலின் நீளமும் எடையும் இதைக் கொஞ்சம் மாற்றும். கலங்கிய நீரில் வாழும் விரால் போன்ற மீனுக்கு இந்த அசைவு கண்ணால் தெரியவேண்டும் என்ற அவசியமே இல்லை. மீனின் விலாவில் தலைமுதல் வால்வரை ஓடும் பக்கக்கோடு என்னும் புலன், நீரின் அதிர்வை உணர்ந்து இரை இருக்கும் திசையை அதற்கு அறிவித்துவிடுகிறது.

இனி, வீட்டில் செய்கிறவர் கவனிக்கவேண்டிய முக்கிய விஷயமான சமநிலைக்கு வருவோம். மிதக்கும் எந்தப் பொருளிலும் இரண்டு மையங்கள் உண்டு: கீழ்நோக்கி இழுக்கும் எடை குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புவியீர்ப்பு மையம் ஒன்று, மேல்நோக்கித் தள்ளும் நீரின் விசை குவியும் மிதப்பு மையம் மற்றொன்று. முதலாவது கீழும் இரண்டாவது மேலும் இருந்தால்தான், கவிழ்ந்த பொய்மீன் தானே நிமிரும். அதற்காகவே வயிற்றுக்குள் ஈயத் துண்டு வைக்கப்படுகிறது. ஸ்திரம் மிகுந்தால் நல்லதுதானே என்று எண்ணி, ஈயத்தைத் தாராளமாகவும் மிகத் தாழ்வாகவும் வைத்துவிடுகிறவர்கள், சுழி தள்ளும் தள்ளலையெல்லாம் அந்தப் பாரமே அடக்கிவிட, தங்கள் பொய்மீன் கட்டை போல் நேராக வருவதைக் காண நேரிடும். ஈயம் போதாவிட்டாலோ, அது மல்லாந்து சுழன்று நரம்பை முறுக்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய எல்லையைக் கண்டுபிடிப்பதே இந்தக் கைத்தொழிலின் சாரம் என்பது என் கருத்து. பாரம் இருக்கும் இடமும் அளவைப் போலவே முக்கியம்: உடலின் நடுப்பகுதியில் திரண்டிருந்தால் தலையும் வாலும் இலகுவாக வீசி ஆடும், அதே எடையைப் பாதி தலையிலும் பாதி வாலிலும் பிரித்து வைத்தால், சுழற்சிக்கு எதிரான ஜடத்துவம் பெருகி ஆட்டம் சோம்பிவிடும்.

எவ்வளவு ஈயம் என்பதற்கு ஆர்க்கிமிடீஸின் விதியே போதும். 12 கன சென்டிமீட்டர் கனஅளவுள்ள பொய்மீன் முழுதும் மூழ்கினால் 12 கிராம் நன்னீரை விலக்கும். கன சென்டிமீட்டருக்கு 0.4 கிராம் எடையுள்ள மரமானால் உடல் 4.8 கிராம், முட்கள் 2 கிராம், உதடும் வளையங்களும் வர்ணமும் சேர்ந்து 1.7 கிராம் என்று கொண்டால், மொத்தம் 8.5 கிராம் ஆகிறது. மீதியுள்ள 3.5 கிராமில் இரண்டரை கிராம் ஈயம் வைத்தால் மிதக்கும். முழுதும் வைத்தால் மேலும் போகாமல் கீழும் போகாமல் நடுநீரில் நிற்கும். அதற்கு மேல் வைத்தால் மூழ்கும். புனேயின் ஏரி நீரில் அசையாமல் நிற்கும்படி செய்த ஒன்றைக் கொங்கணக் கடலில் போட்டால், உப்பு நீரின் அடர்த்தி சுமார் இரண்டரை சதவீதம் கூடுதலாக இருப்பதால், ஏறத்தாழ 0.3 கிராம் மேல்விசை பெற்று மேலே வந்துவிடும்.

மரத்தைப் பொறுத்தவரை, ராபலா நிறுவனத்தார் பின்னாளில் விரும்பிய பால்சா மரம், விமான மாதிரிகளுக்கான பொருள்களை விற்கும் கடைகளில் கிடைக்கும். அது அகப்படாதவர்கள், மராட்டியர் பாங்கரா என்று அழைக்கும் கல்யாண முருங்கையின் காய்ந்த கிளையை எடுத்துக்கொள்ளலாம். லேசானது, கத்திக்கு இணங்குவது. செதுக்குவதற்கு முன், கட்டை சதுரமாக இருக்கும்போதே நடுக்கோடு கிழித்து, உதட்டுக்கான பிளவை அறுத்து, வளையத்துக்கும் ஈயத்துக்கும் துளையிடும் இடங்களைக் குறித்துக்கொள்வது அவசியம். உருண்டையாகச் செதுக்கிய பிறகு பிளவு வெட்டினால், அது கடுகளவு கோணினாலும் பொய்மீன் ஒருபுறமாகவே ஓடும். உதட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அக்ரிலிக் தகடு போதுமானது. அது உடலோடு ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் நீண்டிருந்தால் ஆழமாக இறங்கி நெருக்கமாக அதிரும். செங்குத்தாகக் கீழ்நோக்கி நின்றால் மேல்நீரிலேயே அகலமாக ஆடும்.

துளையிட்டு ஈயத்தை ஒட்டிவிடுவதற்கு முன், மரத்துக்கு ஒரு பூச்சு மெருகெண்ணெய் கொடுத்து, முட்களையும் உதட்டையும் தற்காலிகமாக மாட்டி, ஈயக் கம்பியை வயிற்றைச் சுற்றி ரப்பர் வளையத்தால் பிணைத்து, ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். கம்பியை முன்னும் பின்னும் நகர்த்தி, முதுகு மேலாகவும் வால் சற்றே தாழ்வாகவும் நிற்கும் இடத்தைக் கண்டபின்பே துளையிடுவது உசிதம். முட்டா நதிக்கரையில் கடக்வாஸ்லாவில், 1916-இல் தொடங்கிய மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையத்தார் அணைகளையும் துறைமுகங்களையும் கட்டுவதற்கு முன்பே சிறு மாதிரிகளில் நீரை ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள். வாளியில் செய்யும் இந்தச் சோதனையும் அதே முறையைச் சேர்ந்ததுதான். வர்ணம் உலர்ந்தபின் ஓடும் நீரில் இழுத்துப் பார்க்கையில், பொய்மீன் இடப்புறமாக விலகினால், முன் வளையத்தைக் குறட்டால் வலப்புறம் மயிரிழையளவு வளைக்க வேண்டும். வலப்புறமாக விலகினால் இடப்புறம். ஒரே முறையில் அதிகமாக வளைத்துவிடாமல், வளைத்து வளைத்து இழுத்துப் பார்ப்பதே சரியான முறை.

சாங்விக்கு அருகில் ஓடும் அசுத்தமான நீரை விட்டு, பவனா அணையின் பக்கமோ வேறு ஏரிகளுக்கோ உரிய அனுமதியுடன் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈயம் நீர்நிலையில் அறுந்து விழுந்தால் நீர்ப்பறவைகளுக்கு நஞ்சாகும். பித்தளைத் துண்டைச் சற்றுப் பெரிதாக வைத்தால் அதே பாரம் கிடைக்கும். லோனாவளாவை அடுத்த வால்வண் ஏரிக்கரையில் டாட்டா நிறுவனத்தார் 1970-களிலிருந்து மஹ்சீர்க் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து நாட்டின் பல நீர்நிலைகளுக்கு அனுப்பி வந்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே, அந்த மீனைக் காப்பது எவ்வளவு அவசியமாகிவிட்டது என்பதை உணரலாம். ஆகவே, மூன்று கிளை முள்ளுக்குப் பதிலாக ஒற்றை முள்ளை மாட்டி, அதன் உட்பல்லைக் குறட்டால் நசுக்கி, அகப்படும் மஹ்சீரைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே விடுவித்து அனுப்பும்படி, இக்கலையில் ஈடுபடும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். முட்களை இவ்வாறு மாற்றினால் எடை குறையும். ஆகையால் வாளியில் வைத்துப் பார்க்கும் சோதனையை அந்த முட்களோடே செய்துகொள்ளுங்கள்.